நாற்பத்து மூன்று தடவை விழுந்தவள்

உட்காருவதற்காக ஸ்டூலைப் பின்னால் இழுத்தேன். அதன் மேல் இரண்டே முக்கால் வயதில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள் என்பதை இழுத்த பிறகுதான் கவனித்தேன்.

என்னைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பத்தொன்று. தொழில் புத்தக பைண்டிங். ஊசியில் நூல் கோத்துவிட்டால் ஊரே பற்றி எரிந்தாலும் எனக்கு வாசனை வராது. இதைக் கவனம் என்று நான் சொல்லிக்கொள்வேன். மற்றவர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அவள் பறந்தாள். மைதாப் பசை டப்பாவைத் தாண்டி, மேசை விளிம்பில் நெற்றியை ஒரு தட்டு தட்டி, நான் வெட்டிப் போட்ட காகித நறுக்குகளின் குவியலில் போய் உட்கார்ந்தாள். நான் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரி டீக்கடையில் இரண்டு பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்களாம். "ஐயையோ! ஐயையோ! போச்சு! போச்சு!" என்று கத்தியது நான். விழுந்தவள் சத்தமே போடவில்லை. தலைமுடியெல்லாம் காகித நறுக்கு ஒட்டியிருக்க, மெதுவாக எழுந்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பசை மாமா, இன்னொரு தடவ," என்றாள்.

அதற்குள் நெற்றியில் ஒரு புடைப்பு கிளம்பிவிட்டது. கண்ணெதிரே அது கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்தது.

அவள் பக்கத்துக் கடைக்காரர்களின் மகள். பக்கத்துக் கடை என்றாலும் கூரை ஒன்றுதான். நீளமான ஒரே தகரக் கொட்டகையை நடுவில் ஒட்டுப்பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். ஒரு பாதி எனக்கு. மறு பாதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் புருஷனும் பெண்டாட்டியும். கடைக்குப் பின்னால் ஒரே ஓர் அறை, அதுதான் அவர்கள் வீடு. பலகை தரை வரைக்கும் எட்டவில்லை. கீழே ஒரு முழ உயரத்துக்குச் சந்து இருந்தது. அந்தச் சந்து வழியாகத்தான் அவள் ஒரு நாளைக்கு இருபது தடவை என் பக்கம் வருவாள். வருவாள், ஏறுவாள், விழுவாள், எழுவாள், மறுபடி ஏறுவாள். பம்பரம் என்று பெயர் வைத்தது நான்தான். அவள் அம்மாவும் அப்பாவும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வைத்த அசல் பெயரை அவர்களே மறந்துபோயிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அவள் அம்மாவை நான் தங்கச்சி என்பேன். காயில் சுற்றுவது தங்கச்சியின் வேலை. ஒரு கையால் பிடியைச் சுழற்ற, மறு கையில் முடி போன்ற செம்புக் கம்பி ஓடும். ஒரு காயிலுக்கு இத்தனை சுற்று என்று கணக்கு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஃபேன் சூடாகி முக்கும். சுற்றுகிற மெஷினில் எண்ணிக்கை காட்டுகிற கருவி ஒன்று இருந்தது, உடைந்துபோய்.

"சரி பண்ணிக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பொய் சொல்லும்ணே. நான் சொல்ல மாட்டேன்."

அதனால் அவள் உதட்டில் எப்போதும் எண்தான் ஓடும். நடுவில் யார் கூப்பிட்டாலும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள். இரு என்று அர்த்தம். வாடிக்கையாளருக்கும் அந்த விரல்தான், புருஷனுக்கும் அந்த விரல்தான், விழுந்த மகளுக்கும் அதே விரல்தான். இருபது வருஷமாய் எண்ணி எண்ணி, எண்ணுவது அவளுக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. நான் ஒரு மத்தியானத்தில் எத்தனை தடவை இருமினேன் என்று கேட்டால் சொல்வாள்.

அவள் புருஷனை நான் தம்பி என்பேன். என்னைப் பைண்டரே என்பதைத் தவிர வேறு வார்த்தை அதிகம் பேசாத ஆள். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா, தண்டு வளைந்திருக்கிறதா, காதிலேயே சொல்லிவிடுவான். அதெல்லாம் சரி. ஆனால் பெற்ற பிள்ளை முதுகுக்குப் பின்னால் தடாலென்று விழும். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். காதில் ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நிற்பான். இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. மனுஷனா இரும்பா என்று.

ஸ்டூல் சமாச்சாரம் நடந்த அன்றைக்கும் அவன் வரவில்லை. என் கூச்சல் கேட்டு ஓடி வந்தது தங்கச்சிதான். வந்தவள் எப்படி விழுந்தாள் என்று கேட்கவில்லை. நெற்றியைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கினாள். "அண்ணே, குடையை எடுங்க," என்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

*

ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர இரண்டு அறையும் ஒரு பெஞ்சும்தான். அங்கிருந்த சிஸ்டர் பம்பரத்தின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வாந்தி எடுத்தாளா, மயக்கம் வந்ததா என்று கேட்டார். இல்லை. பம்பரம் டார்ச்சைப் பிடுங்கப் பார்த்தாள்.

"எப்படி அடிபட்டுச்சு?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். சிஸ்டரும் என்னைப் பார்த்தார்.

"விழுந்துட்டா சிஸ்டர்," என்றேன்.

பொய்யில்லை. ஆனால் நடுவில் எட்டுப் பக்கத்தை உருவிவிட்டு அட்டை போட்ட புத்தகம் மாதிரி ஓர் உண்மை. வெளியிலிருந்து பார்த்தால் கனம் குறைந்தது தெரியாது.

சிஸ்டர் பிள்ளையின் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைப் பார்த்தார். இரண்டு கணுக்காலுக்கு மேலேயும் நீலம், பச்சை, மஞ்சள் என்று கன்றிப்போன வட்டங்கள்.

"இதெல்லாம்?"

"இது புதன்கிழமை, நிலைப்படி," என்றாள் தங்கச்சி. "இது வியாழக்கிழமை, பம்பு மோட்டார் மேல ஏறினது. இது ரெண்டும் ஒரே நாள்ல."

"அடிக்கடி விழுவாளா?"

உலகத்தில் எந்த அம்மாவாக இருந்தாலும் இதற்கு, ஆமாம் சிஸ்டர், ஒரே சேட்டை என்று சொல்லி முடித்திருப்பாள். தங்கச்சி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"நாப்பத்தி மூணு."

சிஸ்டரின் பேனா நின்றது. "என்னது?"

"இந்த வாரம். திங்கக்கிழமையிலேருந்து. இப்ப இதோட நாப்பத்தி மூணு."

அறையில் ஒரு மாதிரி அமைதி. அமைதி என்றால் எனக்கு ஆகாது. அதில் ஏதாவது ஒரு ஜோக்கைப் போட்டு மூடினால்தான் எனக்கு மூச்சு வரும். "எங்க பம்பரம் விழுறது எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சு சிஸ்டர்! அவங்கப்பா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு!" என்று சொல்லி நானே சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. பேனா மட்டும் மறுபடி ஓட ஆரம்பித்தது.

"என்ன சிஸ்டர் எழுதுறீங்க?"

"ரூல்ஸ்," என்றார் சிஸ்டர்.

*

மூன்றாம் நாள் ஒரு மேடம் வந்தார். குழந்தைகள் நல ஆபீசிலிருந்து, சிஸ்டர் எழுதி அனுப்பியதை வைத்து. கறுப்புக் குடை, மழையில் நனைந்த கான்வாஸ் ஷூ, பாலிதீன் பையில் சுற்றிய நோட்டு. உட்காரச் சொன்னால் நின்றார். டீ சொன்னால் வேண்டாம் என்றார். வேண்டாம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் பயம்.

வந்த வேலையை மறைக்கவில்லை. மூன்று தடவை வருவேன், பார்ப்பேன் என்றார். பிள்ளைக்கு இந்த வீடு பாதுகாப்பு இல்லை என்று தோன்றினால், விசாரணை முடியும் வரை காப்பகத்தில் வைப்போம் என்றார். காப்பகம் என்ற வார்த்தையைச் சொன்னபோது தங்கச்சி காயில் சுற்றுவதை நிறுத்திவிட்டாள். அவள் பாதிக் காயிலில் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தம்பி காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கையோடு நின்றான். பம்பரம் மேடத்தின் குடையை விரித்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"எங்க பிள்ளை எங்ககிட்டதானே மேடம் இருக்கும்?" என்றாள் தங்கச்சி.

"பார்க்கலாம்," என்றார் மேடம்.

அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் சந்தேகம் குடியேறியது. மழைக்காலத்தில் என் பசை காயாது, அவர்கள் வார்னிஷ் காயாது, எல்லாவற்றிலும் ஓர் ஈரமான பிசுபிசுப்பு இருக்கும். அந்தப் பிசுபிசுப்போடு இதுவும் சேர்ந்துகொண்டது.

முதலில் தம்பி என்னிடம் வந்தான். வந்து, ஒரு புத்தகத்தை எடுத்துப் பார்த்து, வைத்து, மறுபடி எடுத்தான்.

"பைண்டரே. ஆஸ்பத்திரில யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரு? என்ன? நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்களக் கேக்கல. யாராவதுன்னு கேட்டேன்."

என் காது சுட்டது. அவன் என் காதையே பார்த்தான். மோட்டாரைப் பார்க்கிற பார்வை. பிறகு போய்விட்டான்.

மறுநாள் அவன் பம்பு மோட்டார் மாட்டிக் கொடுக்க வெளியே போனபோது தங்கச்சி வந்தாள். பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அண்ணே, நான் கம்பி வாங்க மார்க்கெட் போவேன்ல. அப்ப இங்க எல்லாம் எப்படி இருக்கும்?"

"எப்படின்னா?"

"அவரு. இவகிட்ட. எப்படி இருப்பாருன்னு."

நல்ல மனுஷனாக இருந்தால் உடனே, சேச்சே, என்ன பேச்சு இது என்று சொல்லியிருப்பான். நான் யோசித்தேன். உண்மையிலேயே யோசித்தேன். அவன் திரும்பிப் பார்க்காத முதுகு கண்ணுக்குள் வந்துவிட்டது. "எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லம்மா," என்றேன். ஆனால் சொல்வதற்கு மூன்று விநாடி எடுத்துக்கொண்டேன். எண்ணுகிறவளிடம் மூன்று விநாடி எடுத்துக்கொள்ளக் கூடாது. அவள் முகம் சாம்பல் பூத்துப்போனது.

அவ்வளவுதானா என்றால், இல்லை. அன்று மத்தியானம் ஒட்டுப்பலகையில் இருந்த ஆணி ஓட்டையில் கண்ணை வைத்து உளவு பார்த்தேன். ஐம்பத்தொரு வயதில். தம்பி கிழிசல் ஸ்பாஞ்சை வெட்டி பெஞ்சின் மூலைகளில் கட்டிக்கொண்டிருந்தான். மோட்டாருக்கு, நிலைப்படிக்கு, சுவருக்கு என்று எல்லாவற்றுக்கும். இவன் எதை மறைக்கிறான் என்று நான் கூர்ந்து பார்த்த அதே நேரத்தில் ஓட்டை இருட்டாகிவிட்டது. மறுபக்கத்திலிருந்து யாரோ பார்க்கிறார்கள்.

"பசை மாமா கண்ணு!" என்று பம்பரம் கத்தினாள். "இங்க பாரு, மாமா கண்ணு!"

ஸ்பாஞ்ச் வெட்டும் சத்தம் நின்றது. நான் வேகமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைத் தைக்க ஆரம்பித்தேன். அதைத் தலைகீழாகத் தைத்திருக்கிறேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

*

இத்தனைக்கும் நடுவில் பம்பரம் அழ ஆரம்பித்தாள்.

அதுவரை அவள் விழுந்து அழுது நான் பார்த்ததில்லை. பசிக்கு அழுவாள், தூக்கத்துக்கு அழுவாள். விழுந்ததற்கு அழுததில்லை. விழுவாள், விழுந்த இடத்தை ஒரு தடவை பார்ப்பாள், எழுந்து போய்விடுவாள். இப்போது அவள் கால் தடுக்கினாலே போதும், அம்மா "ஆ!" என்று மூச்சை இழுப்பாள். அப்பா கையிலிருப்பதைப் போட்டுவிட்டுப் பாய்வான். பலகைக்கு இந்தப் பக்கம் நானும் "ஐயோ!" என்பேன். விழுந்த பிள்ளை தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்க்கும். எல்லா முகத்திலும் பயம். அப்படியானால் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று அதற்கு முடிவாகிவிடும். அப்புறம் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அப்பன் பாய்ந்து வந்து தூக்குவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சத்தமில்லாத மனுஷன் திடீரென்று புயல் மாதிரி மேலே வந்து விழுந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவன் எழுந்தாலே ஓடிப்போய் அம்மா கால்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டாள். ஏறுவதை விட்டுவிட்டாள். ஸ்டூல் பக்கமே வரவில்லை. சந்து வழியாக வருவதும் நின்றது.

ஏழாம் நாள் மேடம் இரண்டாவது தடவை வந்தபோது பார்த்தது இதைத்தான். அப்பன் எழுந்ததும் பயந்து ஒளிகிற பிள்ளை. மேடம் ரொம்ப நேரம் எழுதினார். இரண்டு பக்கம். பக்கம் எண்ணுவதில் எனக்கும் அனுபவம் உண்டு.

அவர் போன பிறகு பலகைக்கு அந்தப் பக்கம் சண்டை. இருவரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

"நாப்பத்தி மூணுன்னு உன்ன யாரு சொல்லச் சொன்னது?"

"கேட்டாங்க, சொன்னேன். எண்ணாம இருக்க எனக்குத் தெரியாது."

"ஏதோ நாலஞ்சுன்னு சொல்லக் கூடாதா?"

"நாலஞ்சா? ஏங்க, உங்களுக்கு எதையாவது மறைக்கணுமா?"

பதிலுக்கு ஒரு ஃபேன் ஓடும் சத்தம்தான் வந்தது. பிறகு கருகல் வாடை. புதிதாகக் கட்டின காயில் புகைந்துபோயிருந்தது. சுற்றுக் கணக்கு தப்பியிருக்கிறது. தங்கச்சிக்கு.

அன்று ராத்திரி, ஸ்டூல் விஷயத்தை மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், அதற்கு மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். பயந்தாங்கொள்ளிக்கு மறுநாளைப் போல ஒரு நண்பன் கிடையாது.

*

பதினோராம் நாள். மேடத்தின் மூன்றாவது வரவு. வெளியே அடைமழை. தகரக் கூரை மேல் யாரோ சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல் சத்தம். நான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். காது மட்டும் பலகையில் ஒட்டியிருந்தது.

"இவ எப்பவும் இப்படி இடுப்புலயே தொத்திக்கிட்டுதான் இருப்பாளா?"

"இல்ல மேடம். நீங்க வந்ததுக்கப்புறம்தான்."

"நெத்தியில பட்ட அடி எப்படி பட்டுச்சுன்னு இன்னும் யாருமே சரியா சொல்லல."

மழைதான் பேசியது.

"அப்ப நான் எழுதத்தான் வேணும்," என்றார் மேடம். "ஒரு மாசம் காப்பகத்துல வெச்சுப் பார்க்கலாம்னு எழுதறேன். திங்கக்கிழமை வண்டி வரும்."

எனக்கு எப்படி என்று தெரியவில்லை. வாசல் வழியாக, மழையில் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், பத்தே அடி. அதற்குள் எழுதி முடித்துவிடுவாரோ என்ற அவசரத்தில் பம்பரம் வருகிற சந்துக்குள் தலையைக் கொடுத்துவிட்டேன். தலை போனது. தோள் போனது. வயிறு போகவில்லை. மேடத்தின் நனைந்த ஷூவுக்கு அரை அடி தள்ளி என் முகம். தாடை தரையில்.

"மேடம்," என்றேன். "ஸ்டூல இழுத்தது நான்."

ஷூ கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. "யாரு நீங்க?"

"பக்கத்துக் கடை. பைண்டர். இவ ஸ்டூல் மேல நின்னா. நான் பார்க்காம இழுத்துட்டேன். மேசையில நெத்தி பட்டுச்சு. இவங்க ரெண்டு பேரும் அப்ப அங்க இல்லவே இல்ல. ஆஸ்பத்திரில சொல்லாம விட்டதும் நான். இவரு திரும்பிப் பார்க்க மாட்டாருன்னு கிண்டலா சொன்னதும் நான்."

"பதினோரு நாள் ஏன் சொல்லல?"

"பயம் மேடம்."

"யாருக்குப் பயந்தீங்க?"

"இவள இனிமே என் பக்கம் வர விடமாட்டாங்களோன்னு."

வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். பாதி உடம்பு ஒரு கடையில், பாதி உடம்பு இன்னொரு கடையில், மூக்கில் பசையோடு அழுகிறவனை யாரும் மதிக்கப்போவதில்லை.

தங்கச்சியின் முகம் எனக்குத் தெரியவில்லை, கால் மட்டும்தான் தெரிந்தது. கால்விரல்கள் உள்ளே மடங்கின. எனக்கு முகம் தெரியாமல் போனது நல்லதுக்குத்தான்.

தம்பிதான் பேசினான். முகத்தைப் பார்த்துப் பேச அவனுக்கு வராது. பெஞ்சின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினான்.

"உங்க கூச்சல்லதான் பைண்டரே எனக்குக் கேக்காமப் போச்சு."

"என்ன கேக்காம?" என்றார் மேடம்.

"அவ விழுந்தது. எப்படி விழுந்தான்னு. கையா, காலா, பின்பக்கமா. இவரு ஐயையோன்னு கத்தினாரு. அதுல எல்லாம் அமுங்கிப் போச்சு. இவரு எப்பவும் கத்துற ஆளு, பசை கொட்டினாலும் கத்துவாரு. அதனால நான் எந்திரிக்கல."

"காதால கேட்டா தெரியுமா?"

"மோட்டார் தெரியுதுல்ல."

மேடம் சிரித்தார். இந்தத் தடவை அது வேண்டாம் என்கிற சிரிப்பு இல்லை, நம்பவில்லை என்கிற சிரிப்பு. "நல்ல கதை," என்றார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் யாரும் பம்பரத்தைக் கவனிக்கவில்லை. எத்தனையோ நாளுக்கப்புறம் அவளை எல்லோரும் மறந்திருந்தார்கள். தன்னுடைய சந்தில் பசை மாமா மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் அம்மா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். என் மூக்கைத் தொட்டாள். கக்கென்று சிரித்தாள். பிறகு என் முதுகில் ஏறினாள். ஏறி, நிற்கப் பார்த்தாள்.

தொப்பென்று ஒரு சத்தம்.

தங்கச்சி மூச்சை இழுக்கிற சத்தம் பாதியில் நின்றது. தம்பி திரும்பவில்லை.

"உள்ளங்கை," என்றான் சுவரைப் பார்த்து. "அப்புறம் பின்பக்கம். ஒண்ணுமில்ல."

மேடம் குனிந்து பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. பம்பரம் தலையைத் தூக்கினாள். அப்பா முகத்தைத் தேடினாள், முதுகு இருந்தது. அம்மா முகத்தைத் தேடினாள், அம்மாவும் கம்பிப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். என் முகம் தரையில் கிடந்தது. அழுது காட்ட ஓர் ஆள் இல்லை. அவள் உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். மறுபடி என் முதுகில் ஏறினாள்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க," என்றார் மேடம். "எப்பவும் பாக்கிற மாதிரி."

முதல் தடவையாக உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். தங்கச்சி பிடியைச் சுழற்ற ஆரம்பித்தாள், ஒண்ணு, ரெண்டு, மூணு. தம்பி ஒரு மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்தான். பம்பரம் ஸ்பாஞ்ச் கட்டிய பெஞ்சின் மேல் ஏறினாள், இறங்கினாள். ஆறு தடவை விழுந்தாள். ஆறு தடவையும் தம்பி திரும்பாமலே சரியாகச் சொன்னான். நடுவில் ஒரு தடவை "முழங்கால்" என்றான், அது மேடத்தின் குடை சாய்ந்த சத்தம். மேடம் அதையும் எழுதிக்கொண்டார். கடைசியில் கொஞ்ச நேரம் அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவன் மோட்டாரை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலாகப் போய் நின்றான். வார்னிஷ் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளை உள்ளே எட்டிக்கொண்டிருந்தது. அவன் தூக்கினான். இந்தத் தடவை அவள் ஓடவில்லை.

"சத்தம் வந்தா பயமில்ல மேடம்," என்றான். "வரலன்னாதான்."

மேடம் அந்த வாளிக்கு மூடி போடச் சொன்னார். என் ஸ்டூலை உள்ளே வைக்கச் சொன்னார். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்.

"திங்கக்கிழமை வண்டி?" என்று தங்கச்சி கேட்டாள்.

"பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அந்த ஒன்றரை மணி நேரமும் என்னை அந்தச் சந்திலிருந்து யாரும் வெளியே இழுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியில் தம்பிதான் வந்து, என் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, "மூச்ச விடுங்க," என்றான். விட்டேன். என் பக்கத்துக்கே என்னைத் திருப்பித் தள்ளினான்.

*

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. மேல் நடவடிக்கை தேவையில்லை என்று ஒரு வரி. தங்கச்சி அதை நாலாக மடித்துச் செம்புக் கம்பிச் சுருளுக்கு அடியில் வைத்தாள்.

ஆனால் என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. தம்பி வழக்கம்போல் பைண்டரே என்றான். அதில் என்ன இருந்தது என்று ஸ்குரூ டிரைவர் இல்லாமல் எனக்குக் கேட்கவில்லை. தங்கச்சி எதிரில் வந்தால் உதட்டில் எண் ஓடும், விரல் மேலே போகும். கையில் கம்பி இல்லாதபோதும் விரல் மேலே போனது. டீ வாங்கினால் எனக்கும் ஒன்று வந்தது. ஆனால் யார் வாங்கி அனுப்பினார்கள் என்று தெரியாது. ஸ்டூலைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, நின்றபடியே புத்தகம் தைத்தேன். இடுப்பு போய்விட்டது. அந்தச் சந்தை மாத்திரம் பலகை அடித்து அடைக்காமல் விட்டார்கள். அதற்கு அர்த்தம் என்ன என்று யோசித்தே பதினாறு நாள் போனது.

பதினேழாம் நாள் மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டிக்கொண்டு மட்டும் இருந்தது. தம்பி எங்கோ கிணற்று மோட்டார் பார்க்கப் போயிருந்தான். தங்கச்சி என் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் கட்டி முடித்த ஃபேன் மோட்டார், துணியில் முடிந்து. மறு கையில் பம்பரம்.

"அண்ணே, இதக் குடுத்துட்டு வந்துடறேன். முக்கால் மணி நேரம்."

பம்பரத்தை இறக்கிவிட்டாள். பம்பரம் நேராகக் கதவுக்குப் பின்னால் போய் ஸ்டூலை இழுத்தாள்.

நான் ஊசியைக் கீழே வைத்தேன். கேட்காமல் இருந்தால் இப்படியே போய்விடும் என்று தெரிந்தது. முக்கால் மணி நேரம், அப்புறம் நாளை, அப்புறம் மறுநாள்.

"தங்கச்சி. ஒண்ணு கேக்கறேன். விரலைத் தூக்காம சொல்லு."

நின்றாள்.

"அந்த நாள்ல என் மேல உனக்குச் சந்தேகம் இருந்துச்சுல்ல?"

மூன்று விநாடி ஆகவில்லை. ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"இருந்துச்சு. நான் உங்க கடைக்குள்ள வரும்போது ஸ்டூல் கவுந்து கெடந்துச்சு. அப்பவே உங்க மேல சந்தேகம்தான். நீங்க சொல்ற வரைக்கும், பதினோரு நாள்."

"தம்பி மேல?"

"ரெண்டு நாள். அத அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டாரு."

"இப்ப?"

மோட்டார் மூட்டையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். பின்னால் ஸ்டூல் தரையில் உரசுகிற சத்தம் வந்தது. ஏறுகிறாள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பவில்லை.

"உங்க ரெண்டு பேர் மேலயும் இப்ப இல்லண்ணே," என்றாள். "அந்த நாப்பத்தி மூணுல முப்பத்தி ஒண்ணு இவ என்கூட இருக்கும்போது விழுந்தது. நான்தான் எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். என் மேல இருக்கிற சந்தேகம்தான் இன்னும் போகல."